அம்பு எங்கே இருந்து கிளம்புது?

"ஆர்கானிக்கா? அது புரிஞ்சுக்கிற பாடம் இல்லப்பா. மனப்பாடம் பண்ணிடு."

தமிழ்நாட்டில் அறிவியல் பிரிவு எடுத்த யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் பிளஸ் டூவைத் தாண்டியிருக்க முடியாது. ஆசிரியர் சொல்லியிருப்பார், டியூஷன் அண்ணன் சொல்லியிருப்பார், போன வருஷம் பாஸான பக்கத்து வீட்டு அக்கா அக்கறையாகச் சொல்லியிருப்பார். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் பொய். அதுவும் ஆள் பார்த்துச் சொல்லும் பொய். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கு லட்சங்களைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தொடக்கத்திலேயே போர்டில் வளைந்த அம்புகள் வரைந்து, எலக்ட்ரான் எங்கே இருந்து எங்கே போகிறது, ஏன் போகிறது என்று காட்டிவிடுகிறார்கள். அதே வேதியியல் தருமபுரி மாவட்டத்துக்கு வந்து சேரும்போது மட்டும் 'முக்கியமான பெயர் வினைகள் – 25' என்ற ஜெராக்ஸ் தாளாகச் சுருங்கிவிடுகிறது.

நான் கடத்தூரில் சாயங்கால வேளையில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கும், பி.எஸ்ஸி.யில் அரியர் வைத்திருப்பவர்களுக்கும் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஜெராக்ஸ் தாள்களை நிறையவே பார்த்திருக்கிறேன். இடது பக்கம் வினைபடு பொருள், வலது பக்கம் விளைபொருள், நடுவில் ஒரு நேர் அம்பு, அதன் தலையில் ஏதோ ஒரு அமிலமோ காரமோ. நடுவில் என்ன நடந்தது என்று ஒரு சொல்கூட இருக்காது. கொலை நடந்தது, ஆள் செத்தான், வழக்கு முடிந்தது என்று எஃப்.ஐ.ஆர். எழுதுவதுபோல.

அந்த 'நடுவில் என்ன நடந்தது' என்பதற்குப் பெயர்தான் வினைவழிமுறை. பிள்ளைகள் மெக்கானிசம் என்பார்கள். ஒரு மூலக்கூறு இன்னொன்றாக மாறும்போது எந்தப் பிணைப்பு முதலில் உடைகிறது, எது உருவாகிறது, எந்த எலக்ட்ரான் ஜோடி எங்கே நகர்கிறது என்பதைப் படிப்படியாக எழுதிக் காட்டுவது. கரிம வேதியியலில் புரிந்துகொள்ள வேண்டியது முக்கால்வாசி இதுதான். இதை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாடம் என்று கொடுப்பவர்களோடுதான் எனக்குச் சண்டை.

*

சண்டைக்கு முன்னால் ஒரு மெக்கானிசத்தைப் பார்த்துவிடலாம். இலக்கியம் படிக்க வந்த இடத்தில் இது என்ன என்று எழுந்து போக வேண்டாம். பத்தே வரிதான். எல்லாம் தெரிந்த பொருள்தான்.

எங்கள் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் இல்லாமல் ஒரு நல்லது கெட்டது நடக்காது. பாக்கை மட்டும் மென்றால் ஒரு மாதிரி, சுண்ணாம்பு சேர்த்து மென்றால் வேற மாதிரி என்று எந்தக் கிழவியும் சொல்வாள். ஏன் வேற மாதிரி?

பாக்கில் அரிகோலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது ஒரு மீதைல் எஸ்டர். அதாவது அதன் உடம்பில் ஒரு இடத்தில் ஒரு கார்பன், ஒரு பக்கம் இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜனைப் பிடித்திருக்கிறது, இன்னொரு பக்கம் ஒற்றைப் பிணைப்பில் மெத்தாக்சி என்ற தொகுதியைப் பிடித்திருக்கிறது. ஆக்சிஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. இரண்டு ஆக்சிஜனுக்கு நடுவில் மாட்டிய அந்தக் கார்பன் எலக்ட்ரான் பற்றாக்குறையில் நிற்கிறது. நீற்றுச் சுண்ணாம்பில் ஹைட்ராக்சைடு இருக்கிறது. அதனிடம் தனித்து நிற்கும் எலக்ட்ரான் ஜோடிகள் இருக்கின்றன, எதிர்மின் சுமையும் இருக்கிறது. உள்ளவனும் இல்லாதவனும் வாய்க்குள் சந்திக்கிறார்கள்.

முதல் படி: ஹைட்ராக்சைடின் எலக்ட்ரான் ஜோடி அந்தக் கார்பனுக்குப் போய்ப் பிணைப்பாகிறது. கார்பனுக்கு நான்கு பிணைப்புக்கு மேல் தாங்காது. ஐந்தாவதாக ஒருவன் வந்தால் ஒன்று விட்டுத்தான் ஆக வேண்டும். இரட்டைப் பிணைப்பில் ஒன்று திறந்துகொண்டு, அந்த எலக்ட்ரான் ஜோடி மேலே உள்ள ஆக்சிஜனில் போய் உட்காருகிறது. இப்போது கார்பனைச் சுற்றி நான்கு பேர், நான்முகி வடிவம். இது நிலையான இடம் இல்லை, ஒரு தங்கல்தான்.

இரண்டாம் படி: மேலே போன எலக்ட்ரான் ஜோடி திரும்பிக் கீழே இறங்குகிறது, இரட்டைப் பிணைப்பு மறுபடி உருவாகிறது. திரும்பவும் ஒருவன் வெளியேற வேண்டும். மெத்தாக்சி தொகுதி தன் எலக்ட்ரான் ஜோடியோடு கிளம்புகிறது.

மூன்றாம் படி: கிளம்பிய மெத்தாக்சைடு ஒரு வலிமையான காரம். பக்கத்தில் புதிதாக உருவான அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொள்கிறது. அமிலம் உப்பாகிவிடுகிறது. உப்பானதை மறுபடி எஸ்டராக்குவது இந்தக் காரச் சூழலில் நடக்காது. கதவு சாத்தியாச்சு.

அரிகோலின், அரிகெய்டின் ஆகிவிட்டது. நரம்பு மண்டலத்தில் இரண்டும் வேறு வேறு இடத்தில் வேலை செய்யும் பொருள்கள். கிழவி சொன்ன 'வேற மாதிரி'யில் இந்த மாற்றத்துக்கும் பங்குண்டு. இதைச் சொன்னதால் வெற்றிலை போடுங்கள் என்று அர்த்தமில்லை. பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன மூன்று படிகளையும் அப்படியே எடுத்து, அரிகோலினுக்குப் பதில் தேங்காய் எண்ணெயையும் சுண்ணாம்புக்குப் பதில் காஸ்டிக் சோடாவையும் வையுங்கள். சோப்பு. பழைய ஆஸ்பிரின் மாத்திரை டப்பாவைத் திறந்தால் காடி வாசனை அடிக்குமே, அங்கேயும் கதை இதுதான், தாக்க வருவது காற்றிலுள்ள ஈரம் என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஜெராக்ஸ் தாளில் இவை தனித்தனி வரிகள், தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியவை. வழிமுறை தெரிந்தவனுக்கு ஒரே வரி.

இதெல்லாம் சும்மா கட்டின கதை இல்லை என்பதற்கும் ஆதாரம் உண்டு. உடைவது எந்தப் பிணைப்பு? கார்பனைல் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலா, அல்லது அந்த ஆக்சிஜனுக்கும் மறுபக்கம் உள்ள ஆல்கைல் தொகுதிக்கும் இடையிலா? விளைபொருளை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். 1934-இல் மைக்கேல் போலன்யியும் சாபோவும் அமைல் அசிட்டேட் என்ற எஸ்டரை, ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் கலந்த தண்ணீரில் காரம் சேர்த்து உடைத்தார்கள். பிறகு கிடைத்த ஆல்கஹாலில் அந்தக் கனமான ஆக்சிஜன் இருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை. அப்படியென்றால் ஆல்கஹால் தன் பழைய ஆக்சிஜனோடுதான் வெளியே வந்திருக்கிறது, உடைந்தது கார்பனைல் பக்கத்துப் பிணைப்பு. ஒரு திருடனைப் பிடிக்க நோட்டில் மை தடவிக் கொடுப்பதுபோல அணுவுக்கு அடையாளம் போட்டுப் பிடித்திருக்கிறார்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சுவாரசியமான துப்பறியும் கதை எது? இதைத்தான் 'பசங்களுக்கு போர் அடிக்கும்' என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

*

வளைந்த அம்புக்கு வயது நூறு சொச்சம். 1922-இல் வில்லியம் கெர்மாக், ராபர்ட் ராபின்சன் இருவரும் எழுதிய கட்டுரையில்தான் எலக்ட்ரான் நகர்வைக் காட்ட அது வந்தது. கெர்மாக் இரண்டே ஆண்டுகளில் ஆய்வக விபத்தில் கண்பார்வையை இழந்தவர். பிறகு கணக்குப் பக்கம் போய், மெக்கெண்ட்ரிக்குடன் 1927-இல் தொற்றுநோய் பரவலுக்கு ஒரு மாதிரியை உருவாக்கினார். கொரோனா காலத்தில் டி.வி.யில் வளைவு வளைவாக வரைந்து காட்டினார்களே, அதன் மூலம் அங்கேதான். ராபின்சனுக்கு 1947-இல் நோபல் பரிசு.

அந்த ராபின்சன் 1920களில் மான்செஸ்டரில் இருந்தபோது அவரிடம் போய்ப் படித்தவர்களில் இரண்டு பேர் நம்ம ஊர்க்காரர்கள். ஒருவர் குளித்தலையில் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி. இன்னொருவர் சென்னையில் பிறந்த கே. வெங்கடராமன், பிற்காலத்தில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநர். 1930களின் தொடக்கத்தில் வெங்கடராமன் கண்ட ஒரு வினை இன்றும் உலகம் முழுக்க பேக்கர்–வெங்கடராமன் இடமாற்றம் என்று அழைக்கப்படுகிறது. பூக்களிலும் இலைகளிலும் இருக்கும் ஃபிளேவோன் என்ற மஞ்சள் நிறப்பொருள்களைச் செய்ய உதவும் வினை. அதன் உள்ளே என்ன நடக்கிறது? காரம் ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்குகிறது, எலக்ட்ரான் மிகுந்த கார்பன் ஒன்று உருவாகிறது, அது பக்கத்திலேயே இருக்கும் எஸ்டரின் கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது. அதே பற்றாக்குறைக் கார்பன், அதே நான்முகித் தங்கல், அதே வெளியேற்றம். வெற்றிலைப் பாக்கை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வெங்கடராமன் வினையைக் கேள்வியாகக் கொடுத்தால், அதுவரை பார்த்தே இராத அந்த வினையைத் தானே எழுதிவிட முடியும். எழுதியிருக்கிறார்கள், என் கண் முன்னால், சிமெண்ட் தரையில் சாக்பீஸால்.

இதை இலக்கணம் என்று சொல்வேன். சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும், இரண்டு சொல் சேரும்போது நடக்கும் மாற்றம் எத்தனை ஆயிரம் இருந்தாலும் அவற்றை மூன்றே விகாரமாகப் பிரித்துவிட்டார்கள். தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேர்ந்தால் நடுவில் ஒரு எழுத்து தோன்றிப் பூங்கொடி. பல்லும் பொடியும் சேர்ந்தால் ஓர் எழுத்து திரிந்து பற்பொடி. மரமும் வேரும் சேர்ந்தால் ஓர் எழுத்து கெட்டு மரவேர். கரிம வேதியியலிலும் பெரும்பாலான வினைகள் சேர்ப்பு, பதிலீடு, நீக்கம் என்று மூன்று வகைக்குள் வந்துவிடும். உடனே 'அப்பவே நம்ம முன்னோர்கள்' என்று வாட்ஸ்அப்பில் கிளம்பிவிடாதீர்கள். பவணந்திக்கு பென்சீன் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. நான் சொல்வது வேறு. ஆயிரம் நிகழ்ச்சியைக் கண்டு மிரளாமல் அதற்கு அடியில் ஓடும் நாலு விதியைத் தேடுவது நமக்குப் புதிய பழக்கம் இல்லை. தமிழ் வகுப்பில் புணர்ச்சி விதி எழுதும் பிள்ளையிடம், அடுத்த பீரியடில் வேதியியல் வகுப்பில் 'விதியெல்லாம் உனக்கு வேணாம், லிஸ்ட்டை மட்டும் படி' என்று சொல்வது என்ன நியாயம்?

*

பட்டியல் வழியில் படித்தால் நடக்கும் கேடு என்ன என்று பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு மார்க்கோவ்னிகாஃப் விதி. 1870 வாக்கில் வந்தது. புரோப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேரும்போது, ஹைட்ரஜன் எந்தக் கார்பனில் ஏற்கெனவே அதிக ஹைட்ரஜன் இருக்கிறதோ அங்கே போகும். 'பணக்காரன் மேலும் பணக்காரன் ஆவான்' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள். அடுத்த பக்கத்தில் கராஷ் வருவார். பெராக்சைடு இருந்தால் தலைகீழ். அது 'விதிவிலக்கு'. பிள்ளை இரண்டையும் மனப்பாடம் செய்கிறது. பரீட்சை ஹாலில் எது எங்கே என்று குழம்புகிறது. இரண்டு மார்க் போச்சு.

வழிமுறையில் பார்த்தால் இங்கே விதிவிலக்கே இல்லை. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: முதலில் வருபவன் ஒரு முனையில் ஒட்டுவான். ஒட்டிய பிறகு மறுமுனையில் உருவாகும் இடைநிலைப் பொருள் எது அதிக நிலைப்புத்தன்மை உடையதோ, அந்த வழியே வினை போகும். பெராக்சைடு இல்லாதபோது முதலில் ஒட்டுவது ஹைட்ரஜன் அயனி, அது முனைக் கார்பனில் ஒட்டினால் நடுக் கார்பனில் நிலைப்பு கூடிய நேர்மின் அயனி கிடைக்கும், பிறகு புரோமைடு அந்த நடுவுக்கு வரும். பெராக்சைடு இருக்கும்போது முதலில் ஒட்டுவது புரோமின் தனிஉறுப்பு, அதுவும் முனையில்தான் ஒட்டுகிறது, அதுவும் நடுவில் நிலைப்பு கூடிய தனிஉறுப்பு கிடைப்பதற்காகத்தான். முதலில் வந்தவன் மாறினான், அதனால் முடிவு மாறியது. காரணம் மாறவே இல்லை. விதி, விதிவிலக்கு என்று இரண்டு கேள்வியாக இருந்தது ஒரே கேள்வியாகிவிட்டது.

கான்னிசரோவும் ஆல்டாலும் அப்படித்தான். 'ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத ஆல்டிஹைடு கான்னிசரோ வினைக்கு உட்படும்' என்ற வரியை எழுப்பிக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாவிட்டால் ஏன் என்று கேட்டால் முழிப்பார்கள். காரம் பிடுங்குவதற்கு ஆல்ஃபா ஹைட்ரஜன் இருந்தால் அதைப் பிடுங்கும், ஆல்டால் பக்கம் கதை போகும். பிடுங்க ஒன்றுமில்லை என்றால் ஹைட்ராக்சைடுக்குப் போக ஒரே இடம்தான் பாக்கி, கார்பனைல் கார்பன். அங்கே போய் ஒட்டுகிறது. நான்முகித் தங்கல். திரும்பி இறங்கும்போது யாரையாவது வெளியே தள்ளணும், ஆனால் எஸ்டரில் இருந்ததுபோல நல்லபடியாக வெளியேறக்கூடிய தொகுதி இங்கே கிடையாது. வேறு வழியில்லாமல் ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான் ஜோடியோடு ஹைட்ரைடாகக் கிளம்பி, பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஆல்டிஹைடின் மேல் போய் விழுகிறது. ஒருவன் அமிலமானான், இன்னொருவன் ஆல்கஹாலானான். இந்த 'வேற வழியில்லாம' என்ற சொல்லைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் போதும். அதற்குப் பிறகு அந்த வினை மறப்பதில்லை.

*

இனி, எதிர்த்தரப்பு சொல்வதைக் கேட்போம். மூன்று வாதம்.

முதல் வாதம் கருணை. "நீங்க சொல்றது நல்லா படிக்கிற பையனுக்குங்க. எங்க பிள்ளைங்க 35 மார்க் எடுத்தாலே பெருசு." 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். அந்த நிலைமையில் ஒரு பிள்ளையை எப்படியாவது கரையேற்ற நினைக்கும் ஆசிரியரை நான் பழிக்க மாட்டேன். அவர் தலைமேல் தேர்ச்சி விகிதம் என்ற கத்தி தொங்குகிறது. ஆனால் இந்தக் கணக்கே தப்பு. மெல்லக் கற்கும் பிள்ளை என்று நாம் பெயர் வைக்கும் பிள்ளைக்கு எது கஷ்டம்? தொடர்பில்லாத விஷயங்களை ஞாபகம் வைப்பதுதான். வீட்டில் தனி அறை கிடையாது, சாயங்காலம் மாடு பிடிக்கணும், பூப்பறிக்கப் போகணும். இருபத்தைந்து வினையை இருபத்தைந்து தடவை எழுதிப் பார்க்க அவளுக்கு நேரம் எங்கே? மனப்பாடம்தான் வசதி உள்ளவனின் படிப்பு முறை. நேரம் இல்லாத பிள்ளைக்குத்தான் நாலு விதியில் இருபத்தைந்தையும் முடிக்கும் வழி அவசியம். நாம் தலைகீழாகப் பங்கு போட்டிருக்கிறோம்.

இரண்டாம் வாதம் மொழி. "தமிழ் மீடியம் பசங்க, மெக்கானிசம் எல்லாம் இங்கிலீஷ்ல படிச்சாத்தான் வரும்." இதைச் சொல்பவர்கள் ஒரு வழிமுறையைக் கவனித்துப் பார்த்ததில்லை. அதில் மொழியே கொஞ்சம்தான். எழுத்து, கோடு, புள்ளி, அம்பு. ஜப்பானியன் போட்டாலும் கடத்தூர்க்காரி போட்டாலும் ஒரே அம்பு. கரிம வேதியியலில் ஆங்கிலம் குறைவாகத் தேவைப்படும் பகுதி எதுவென்றால் இதுதான். அதைப் பிடுங்கிவிட்டு, ஆங்கிலச் சொற்கள் நிறைந்த வரையறைகளை மட்டும் கையில் கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். பிறகு பி.எஸ்ஸி. முதல் வருஷத்தில் ஆர்கானிக் பேப்பர் அரியர் விழுந்தால் 'இங்கிலீஷ் பிரச்சினை' என்கிறோம்.

சொல்லப்போனால் தமிழ் இங்கே உதவி செய்கிறது. பிள்ளைகள் அதிகம் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ஹைட்ரஜன் அயனி ஆக்சிஜனோடு சேரும் படியில், அம்பை ஹைட்ரஜனில் தொடங்கி ஆக்சிஜனில் முடிப்பார்கள். கேட்டால், "ஹைட்ரஜன்தானேணா போய் ஒட்டிக்குது?" பேச்சில் அது சரி. ஆனால் அம்பு அணுவின் பயணத்தைக் காட்டுவதில்லை, எலக்ட்ரானின் பயணத்தைக் காட்டுகிறது. ஹைட்ரஜன் அயனியிடம் கொடுக்க எலக்ட்ரானே கிடையாது. கொடுப்பது ஆக்சிஜன். அம்பு ஆக்சிஜனில்தான் கிளம்பணும். இதற்கு நான் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன்: அம்பு போடும்போது வாயால் சொல்லணும், 'எலக்ட்ரான்' என்று தொடங்கி, ஒரு 'இருந்து', ஒரு 'க்கு' கட்டாயம் வரணும். "எலக்ட்ரான் ஆக்சிஜன்ல இருந்து ஹைட்ரஜனுக்கு." ஐந்தாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் இல்லாத அம்பு செல்லாது. இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை அதற்குப் பிறகு தலைகீழ் அம்பு போட்டு நான் பார்த்ததில்லை.

எழுதும் முறையும் இவ்வளவுதான். தனித்த எலக்ட்ரான் ஜோடிகளைப் புள்ளியாக முதலில் வை. எவனிடம் மிச்சம், எவனிடம் பற்றாக்குறை என்று குறி. மிச்சத்தில் இருந்து பற்றாக்குறைக்கு அம்பு போடு. கார்பனுக்கு ஐந்து பிணைப்பு வந்துவிட்டதா என்று எண்ணு, வந்தால் ஒன்றைத் திற. ஒவ்வொரு படி முடிந்ததும் மின்சுமையைக் கூட்டிப் பார், இடது பக்கக் கூட்டுத்தொகையும் வலது பக்கக் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருக்கணும். இரண்டு படியை ஒரே வரியில் அடைக்காதே. பிறகு புத்தகத்தை மூடிவிட்டுத் திரும்ப எழுது. கண்ணால் பார்த்துத் தலையாட்டினால் புரிந்த மாதிரி இருக்கும், கை எழுதும்போதுதான் புரியாத இடம் மாட்டும். செலவு, ஒரு பென்சில், ஒரு ரப்பர்.

மூன்றாம் வாதம்தான் ஆபத்தானது, காரணம் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "பதினொன்றாம் வகுப்புப் பாடத்துக்கு எதுக்கு நேரம்?"

நம் பாடநூலைக் குறை சொல்ல மாட்டேன். 2018-19-இல் வந்த பதினொன்றாம் வகுப்பு வேதியியல் இரண்டாம் தொகுதியில் கரிம வேதி வினைகளின் அடிப்படைக் கருத்துகள் என்று தனி அலகே இருக்கிறது. கருக்கவர் பொருள், எலக்ட்ரான் கவர் பொருள், தூண்டல் விளைவு, உடனிசைவு, அம்புக்குறி எல்லாம் அங்கேதான். பன்னிரண்டாம் வகுப்பில் ஆல்கஹால், கார்பனைல், அமீன் என்று வரும் எல்லாம் இந்த அடித்தளத்தின் மேல் கட்டியவை. ஆனால் பல தனியார் பள்ளிகள் பல வருஷமாக என்ன செய்தன? பதினொன்றைத் தாண்டிக் குதித்து, ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, இரண்டு வருஷம் அதையே அரைத்து மார்க் காட்டின. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 2025-26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகள்மேல் அடுத்தடுத்து மூன்று பொதுத்தேர்வு சுமத்துவது கொடுமை என்ற காரணம் சரியானதுதான். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பூட்டை எடுத்துவிட்டு காவலுக்கு ஆள் போடாமல் போனால், பழைய குதிரை பழைய வேலியைத் தாண்டும். முதலில் காணாமல் போவது இந்த அலகுதான். அடித்தளம் இல்லாத வீட்டுக்குத்தான் மனப்பாடம் முட்டுக்கொடுக்கும் கம்பு.

*

"சரி, தெரியாட்டி என்ன குடி முழுகிடும்? வேலைக்குப் போற இடத்துல எவன் மெக்கானிசம் கேக்கறான்?" இதையும் கேட்டிருக்கிறேன். பதில் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துப் பி.எஸ்ஸி. வேதியியல் பிள்ளைகள் ஓசூருக்கும் கடலூருக்கும் அதற்கு அப்பாலும் மருந்து, சாயக் கம்பெனிகளுக்குக் கெமிஸ்ட் என்ற பெயரில் போகிறார்கள். க்யூ.சி. லேபில் பாட்டில் கழுவுவது, கழிவுக் கரைப்பானை டின்னில் ஊற்றுவது முதலில் இவர்கள் வேலை. அசிட்டோன் எல்லா லேபிலும் இருக்கும். குளோரோஃபார்ம் பல லேபில் இருக்கும். இரண்டையும் ஒரே டின்னில் ஊற்றி, அதில் கொஞ்சம் காரமும் கலந்துவிட்டால் என்ன ஆகும்? ஜெராக்ஸ் தாளில் இந்த மூன்றும் ஒன்றாக வரும் வரி கிடையாது. கார்பைலமீன் வினையில் குளோரோஃபார்ம் உண்டு, காரம் உண்டு, வேற வினையில் அசிட்டோன் உண்டு, அவ்வளவுதான். அம்பு தெரிந்த பிள்ளை யோசிக்கும்: காரம் குளோரோஃபார்மிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கும், எலக்ட்ரான் மிகுந்த கார்பன் கிடைக்கும், பக்கத்திலேயே அசிட்டோனின் பற்றாக்குறைக் கார்பன் நிற்கிறது. தாக்கும். சூடு கிளம்பும். மூடிய டின்னில் சூடு கிளம்பினால் வெடிக்கும். உலகம் முழுக்க ஆய்வகப் பாதுகாப்புப் பாடத்தில் எச்சரிக்கப்படும் கலவை இது. வெற்றிலைப் பாக்கில் பார்த்த அதே பற்றாக்குறைக் கார்பன்தான் இங்கேயும் நிற்கிறது.

பட்டியலில் இல்லாத வினையை முன்கூட்டியே பார்க்க முடிகிறதா என்பதுதான் படிப்புக்கும் மனப்பாடத்துக்கும் உள்ள வித்தியாசம். அந்தப் பார்வையை வசதியுள்ள பிள்ளைக்குக் கொடுத்து, அவனை ஏ.சி. அறையில் மூலக்கூறு வடிவமைக்க உட்கார வைக்கிறோம். அது தேவையில்லை என்று சொல்லி அனுப்பிய பிள்ளையை டின் பக்கத்தில் நிற்க வைக்கிறோம்.

ஆகவே கேட்பது இதுதான். பதினொன்றாம் வகுப்பின் அந்த அலகை எந்தப் பள்ளியும் தாண்டக் கூடாது. பொதுத்தேர்வு இல்லாவிட்டாலும் நடத்தப்பட்டதா என்று கல்வித்துறை பார்க்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கேள்வித்தாளில் ஒரே ஒரு மூன்று மார்க் கேள்வி, புத்தகத்தில் இல்லாத ஒரு வினையைக் கொடுத்து அம்பு போடச் சொல்லட்டும், விளைபொருள் தப்பாக வந்தாலும் அம்பு சரியாகக் கிளம்பியிருந்தால் மார்க் கொடுக்கட்டும். அந்த ஒரு கேள்விக்காகவே எல்லா டியூஷனும் மாறிவிடும், என்னுடையது உட்பட எல்லாருமே கேள்வித்தாளைப் பார்த்து ஓடுகிறவர்கள்தான்.

இதைப் படிக்கிற உங்களில் வேதியியல் படித்துவிட்டுக் கவிதை பக்கம் வந்தவர்கள் எப்படியும் சிலர் இருப்பீர்கள். 'எனக்கு ஆர்கானிக்னாலே அலர்ஜி' என்று சொல்லிச் சிரிப்பதை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு வினையை எடுத்து, நடுவில் என்ன நடக்கிறது என்று பேச்சுத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். ஒவ்வொரு அம்பும் எங்கே இருந்து கிளம்புது என்று மட்டும் தவறாமல் சொல்லிவிடுங்கள். இங்கே சாயங்காலம் ஆறரை மணிக்குச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் அதைப் படித்துக் காட்டுகிறேன்.